சுவரில் எள் நடந்த நாள்

எங்கள் நாய் செவலையின் காதுமடலை வருடிக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. ஆமணக்கு விதை அளவு, அதே வழவழப்பு, அதே சாம்பல் நிறம். மருவாக இருக்கும் என்று நினைத்து மயிரை விலக்கினேன். உருண்டையின் ஒரு முனை தோலுக்குள் புதைந்திருந்தது. அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கால்கள் மெல்ல அசைந்தன. அதன் வயிற்றுக்கு அடியில் ஒண்டியபடி, தட்டையாக இன்னொன்று. லத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர்தானாம், ரிசினஸ். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

அன்று இரவு தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. ரத்தம் குடிக்காத உண்ணி செம்பழுப்பு நிறம். எங்கள் நாயும் அதே நிறம், பெயரே அதனால்தான். காதின் உள்மடிப்பில், கழுத்துப்பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குளில், விரலிடுக்கில் என்று பதினொன்று எடுத்தேன். தினமும் ஆளுக்கு ஒரு முறையாவது அவனைத் தடவிக்கொடுக்கிற வீட்டில் இத்தனை எப்படிக் கண்ணில் படாமல் இருந்தன என்று மனசு கேட்கவில்லை. நாம் தடவுவது தலையையும் முதுகையும்தான். உண்ணி தேடிப் போவது மெல்லிய தோலும் மறைவும் உள்ள இடங்களை.

அந்த இரவில் நான் செய்த எல்லாமே தவறு. அதே தவறுகளை இன்னும் பலர் நல்லெண்ணத்தோடு செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வெறுங்கையால் பிடுங்கினேன். பெரியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுத்ததில் வயிறு நசுங்கி ரத்தம் விரலில் வழிந்தது. வாய்ப்பகுதி தோலிலேயே தங்கிவிட்டது. நசுக்கினால் உண்ணியின் உள்ளிருப்பது கடிவாய் வழியாக நாய்க்குள் போகலாம். நம் விரலில் கீறல் இருந்தால் நமக்குள்ளும் போகலாம். கையுறை போடச் சொல்வது இதற்காகத்தான்.

பிடுங்கியவற்றை மக்கில் தண்ணீர் வைத்து அதில் போட்டேன். காலையில் பார்த்தால் நான்கு உண்ணிகள் மக்கின் விளிம்பு வரை ஏறியிருந்தன. தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் உண்ணி பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நாயை நன்றாகக் குளிப்பாட்டினால் உண்ணி போய்விடும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த மக்கோடு போயிற்று.

மூன்றாவதுதான் இன்று நினைத்தாலும் உறுத்துகிறது. எடுக்கவே வராத இரண்டுக்கு, பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து வைத்தோம். அரை மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து போனது. அவன் அதை நக்கி நுரை நுரையாக வாந்தி எடுத்தான். உண்ணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தீக்குச்சியால் சுடுவது, உப்பு வைப்பது, வாசலின் பூசி மூச்சடைக்க விடுவது எல்லாம் இதே ரகம்தான். தொந்தரவுக்கு ஆளான உண்ணி, விடுவதற்கு முன்னால் தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாய்க்குள் கக்கிவிடும் ஆபத்து உண்டு. நாம் தடுக்க நினைக்கிற கிருமியை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். கற்பூரம், பூண்டு என்று சிலர் சொல்வார்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சாகக் கூடியவை, கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். மண்ணெண்ணெய்ப் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, எனக்குத் திட்டு எதுவும் தராமல், கையில் ஓர் இடுக்கியைக் கொடுத்தார். கூரிய முனை உள்ளது. புருவம் திருத்துகிற தட்டை முனை இடுக்கி இதற்கு உதவாது, அது உண்ணியின் வயிற்றைத்தான் கவ்வும்.

"வயித்தப் பிடிக்காதீங்க. தோலோட ஒட்டி, வாயப் பிடிங்க. பிடிச்சிட்டீங்கன்னா இழுக்க வேண்டாம், தூக்குங்க. அதுவா விடும்" என்றார்.

அந்தத் தூக்குதல் எப்படி இருக்கும் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. மயிரை எதிர்ப்பக்கமாக ஒதுக்கி, இடுக்கியின் முனையைத் தோலின் மேல் படுக்கவைத்து, உண்ணியும் தோலும் சேருகிற இடத்தில் கவ்வ வேண்டும். பிறகு நேர் மேலாக மெல்லத் தூக்க வேண்டும். தோல் சின்னக் கூடாரம் போல எழும்பும். அங்கேயே நிறுத்தி, விசையைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்திருந்தால், சில நொடிகளில் விரலுக்கு ஒரு சிறு விடுபடல் தெரியும். கூடாரம் தணிந்துவிடும், உண்ணி இடுக்கியில் கால் உதைத்துக்கொண்டிருக்கும். வாயோடு முழுசாக வந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அவசரம் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. உண்ணியின் வாயில் பின்னோக்கி வளைந்த பற்கள் வரிசையாக இருக்கின்றன. போதாததற்கு, சிமெண்ட் போல இறுகும் ஒரு பசையைச் சுரந்து தன்னைத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் வாய் முறியும். நிதானமாகத் தூக்கினால் பிடி தளரும். இடுக்கியால் பிடித்துத் திருகக் கூடாது. உண்ணி எடுப்பதற்கென்றே பிளவுபட்ட கொக்கி போல ஒரு கருவி விற்கிறது. அதை மட்டும் உண்ணிக்கு அடியில் நுழைத்து மெல்லச் சுழற்றலாம், அது அப்படிப் பயன்படுத்தவே செய்யப்பட்டது. கை நடுங்குகிறவர்களுக்குக் கொக்கிதான் சுலபம்.

வாய் உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் கிளறாதீர்கள். முள் போலத்தான், உடம்பே சில நாளில் வெளியே தள்ளிவிடும். கிளறுகிற புண்தான் சீழ் பிடிக்கிறது. எடுத்த இடத்தைப் போவிடோன் அயோடினாலோ குளோர்ஹெக்சிடினாலோ துடைத்துவிட்டால் போதும். கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு தடிப்பு சில நாள் இருக்கும், அது கடியின் எதிர்வினை. பெரிதாகிக்கொண்டே போனாலோ கசிந்தாலோ மட்டும் காட்டுங்கள். எடுத்த உண்ணியை மூடியுள்ள பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுவிடுங்கள். கீழே தவறி விழுவதை நாய் நக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெப்படோசூன் என்ற கிருமி உண்ணி கடித்துப் பரவுவதில்லை, நாய் உண்ணியை விழுங்கினால்தான் பரவுகிறது.

பார்க்க வேண்டிய இடங்களில் இரண்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காதுமடலின் வெளி ஓரத்தில், அடிப்பக்கமாக, தோல் மடிந்து ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். செவலைக்கு இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே குடும்பமாக இருந்தன. இன்னொன்று வாலுக்கு அடி. காதுத் துளையின் ஆழத்தில் இருந்தால் மட்டும் இடுக்கியை நுழைக்காதீர்கள், அது மருத்துவரின் வேலை. பெரிய உண்ணி ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றி இன்னொரு முறை பாருங்கள். குண்டாக இருப்பது பெண். ஆண் எப்போதும் தட்டைதான், பெரும்பாலும் அவள் அருகில்தான் இருக்கும்.

எடுக்கப் போவது உண்ணிதானா என்று கால்களைப் பார்த்து உறுதி செய்யாமல் இடுக்கி வைக்காதீர்கள். மூன்றாம் நாள், அந்தி வெளிச்சத்தில், அவன் வயிற்றில் தட்டுப்பட்டதை உண்ணி என்று நினைத்துக் கவ்விவிட்டேன். வீல் என்று கத்தினான். முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் வயிற்றில் இரண்டு வரிசையாக உண்டு என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் இடுக்கியைக் கண்டாலே மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தப் பயத்தைப் போக்கிய விதம் பலருக்கு உதவும். இடுக்கியைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவனாக வந்து முகர்ந்தால் தின்பண்டத் துண்டு ஒன்று. மறுநாள் இடுக்கியின் பின்பக்கத்தால் தோளைத் தொடுவேன், ஒரு துண்டு. பாதத்தைப் பிடித்து உடனே விட்டுவிடுவேன், ஒரு துண்டு. உண்ணி எடுக்காத நாட்களிலும் இதைச் செய்தோம். பத்து நாள் ஆயிற்று. ஆனால் பிடித்து அமுக்கி எடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்ட இடத்தில் என் ஒரு கை போதுமானதாயிற்று.

ஒரு நோட்டில் தினமும் எண்ணிக்கை எழுதிவந்தேன். 11, 9, 14, 8, 12. இரண்டு வாரமாகியும் இறங்குகிற வழியைக் காணோம். எடுப்பதில் கை தேர்ந்துவிட்டது, எடுக்க வேண்டியதோ தீரவில்லை. அப்போதுதான் ஒரு மாலை, அவன் படுக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் கூப்பிட்டாள்: "அப்பா, இங்க பாருங்க, எள்ளு நடக்குது."

சுவரில், தரையிலிருந்து நிலைக்கதவின் மேல்விளிம்பு வரை, எள்ளைவிடச் சிறிய புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினோம். அவள் கால்களை எண்ணிவிட்டு, ஆறுதான் இருக்கிறது, நீங்கள் எட்டு என்றீர்களே என்று கேட்டாள். அது வேறு பூச்சி என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். படத்தைப் பார்த்த மருத்துவர் அந்த ஆறுதலைக் கலைத்தார். முட்டையிலிருந்து வந்த உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான். ஒரு முறை ரத்தம் குடித்துச் சட்டை கழற்றிய பிறகே எட்டு வரும்.

அவர் சொன்ன கணக்கில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. நாயைத் தாக்கும் இந்தப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் மூன்றே முறை நாய் மேல் ஏறுகிறது. குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் சில நாட்கள் குடித்துவிட்டு விழுந்துவிடும். மற்ற காலமெல்லாம் சுவர் விரிசல், நிலைச்சட்ட இடுக்கு, படத்துக்குப் பின்புறம், படுக்கையின் தையல் ஆகியவைதான் அதன் வீடு. குடித்து முடித்த பெண் உண்ணி மேலே ஏறுகிற பழக்கம் உள்ளது. ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பெரும்பாலான உண்ணி வகைகளுக்குப் புல்லும் புதரும் வேண்டும். இதற்கு வேண்டாம், வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிடும். நான் தினமும் நாய் மேல் எண்ணிக்கொண்டிருந்தது சாப்பாட்டுக்கு வந்தவற்றை மட்டும்.

முதலில் தோன்றிய யோசனை, செவலையைச் சில வாரம் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இங்கே மருந்தடித்துவிடலாம் என்பது. மருத்துவர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். நாய் இல்லாவிட்டால் அவை காத்திருக்கும். வளர்ந்த உண்ணி ரத்தமே இல்லாமல் ஒன்றரை வருடம் வரை உயிரோடிருக்கக் கூடியது. பசி முற்றினால் மனிதரையும் கடிக்கும். அவன் போகிற வீட்டுக்கும் சிலவற்றைக் கொண்டுபோவான். நாய் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் அவன் ரத்தத்தில் மருந்து இருக்கட்டும், ஏறுகிறதெல்லாம் சாகட்டும் என்றார். எடை பார்த்து, ஐசாக்சசோலின் வகை மாத்திரை ஒன்று கொடுத்தார். அஃபாக்சோலனர், ஃப்ளூரலனர், சரோலனர் என்று 'லனர்' என முடிகிற பெயர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. சிலவற்றை மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், சிலவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

மாத்திரை போட்ட மறுநாளும் உடம்பில் உண்ணியைப் பார்த்து நான் கலங்கிப்போனேன். இந்த மருந்து உண்ணியை விரட்டாது. அது கடித்துக் குடித்தால்தான் சாகும், அதற்கு ஓரிரு நாள் ஆகும். செத்த உண்ணி தோலில் ஒட்டியே காய்ந்துகிடப்பதும் உண்டு. வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2018இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கழுத்தில் சொட்டுவிடும் மருந்தாக இருந்தால் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள், அது பூனையின் உயிரையே எடுத்துவிடும். அதேபோல, சின்னக் குட்டிகளுக்குப் பெரிய நாயின் மருந்தைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. வயதும் எடையும் தெரிந்து மருத்துவர் தருவதுதான் மருந்து. அதுவரை கையால் எடுப்பதுதான் வழி, அதையும் தள்ளிப்போடாமல். உண்ணி உறிஞ்சும் ரத்தமே ஒரு குட்டியைச் சாய்த்துவிடும்.

வீட்டுக்குள் நடந்த வேலைதான் பெரிது. அகலமான ஒட்டுநாடாவைச் சுவரில் அழுத்தி எடுத்தால் குஞ்சுகள் மொத்தமாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மடித்து ஒட்டி, பையில் கட்டி எறியலாம். மகளுக்குப் பிடித்த வேலை அது. துடைப்பத்தால் பெருக்கினால் சிதறிவிடும். வேக்குவம் வைத்து எல்லா இடுக்கையும் உறிஞ்சி, அதன் பையை உடனே வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போட்டோம். அவன் பழைய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, மடித்துத் துவைக்கக்கூடிய போர்வைகளுக்கு மாறினோம். துவைப்பதைவிட உலர்த்தும் இயந்திரத்தின் உலர்ந்த வெப்பம்தான் உண்ணியைக் கொல்கிறது. பிறகு நிலைச்சட்டத்தைச் சுற்றியிருந்த விரிசல்களைப் பட்டி வைத்து அடைத்தேன். அந்த ஒரு நாள் வேலை, இரண்டு வாரம் இடுக்கியோடு உட்கார்ந்ததைவிட அதிகம் பயன் தந்தது என்பேன். பூச்சிமருந்து அடிப்பவர்களை அழைத்து மூன்று முறை, இரண்டிரண்டு வார இடைவெளியில் அடித்தோம். மருந்து முட்டையை அவ்வளவாகத் தொடாது, பொரிந்து வருவதைப் பிடிக்கத்தான் இத்தனை முறை. ஒவ்வொரு முறையும் தரை காயும்வரை அவனை வெளியே வைத்திருந்தோம். மீன் தொட்டி உள்ளவர்கள் அதை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், பூச்சிக்கு அடிக்கிற பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனைக் கொன்றுவிடும்.

எண்ணிக்கை 5, 3, 4 என்று இறங்கத் தொடங்கிய நான்காவது வாரத்தில் அவன் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு வேளைதானே என்று விட்டேன். மாலையில் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளிறிக் கிடந்தது. வயிற்றில் மயிரில்லாத இடத்தில் ஊசி முனையால் குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். தடவினால் அழியவில்லை, அழுத்தினால் மறையவில்லை. காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 102.5 வரைதான் இயல்பு.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 38 ஆயிரம் என்று வந்தது. இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிகியா. பழுப்பு உண்ணி பரப்பும் நோய், கடித்துப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வெளித்தெரியும். நான் முதல் உண்ணியைத் தொடுவதற்கு முன்பே உள்ளே போயிருக்கலாம், பிறகும் போயிருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் உண்ணியை எடுத்துவிட்டால் நோய் வராது என்று எங்கோ படித்ததை நம்பியிருந்தேன். அந்தக் கணக்கு லைம் நோய்க்கு, அதைப் பரப்புவது வேறு உண்ணி. எர்லிகியா சில மணி நேரத்திலேயே தொற்றிவிடும். தினமும் எடுப்பது நோயின் வாய்ப்பைக் குறைக்கும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நான் கற்றுக்கொள்ள அவன் படுக்க வேண்டியிருந்தது.

டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, கொடுத்ததும் தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும், தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். மூன்றாம் நாளே வால் ஆட ஆரம்பித்தது. குணமாகிவிட்டான் என்று அங்கே நிறுத்திவிடக் கூடாது. இந்த நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே தங்கி, பிறகு எலும்பு மஜ்ஜையையே தாக்கக் கூடியது. 28 நாளும் கொடுத்து, திரும்ப ரத்தம் பார்த்து, தட்டணு ஏறியதை உறுதிசெய்த பிறகுதான் மூச்சுவிட்டேன். உங்கள் நாய்க்கு உண்ணி இருந்தது தெரிந்தால், அடுத்த ஒரு மாதம் ஈறையும் வயிற்றுத் தோலையும் பார்த்துவாருங்கள். மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் சிவப்பாகவோ காபி நிறத்திலோ போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் நிறம் மாறுவது பபீசியாவாக இருக்கலாம், அது சிவப்பணுக்களையே உடைக்கிற நோய்.

நோட்டில் முதல் பூச்சியம் விழுந்தது பத்தாவது வாரம். தொடர்ந்து ஒரு மாதம் பூச்சியமாக நின்றது ஐந்தாவது மாதத்தில். மாத்திரையை நிறுத்தவில்லை, தேதியை நாள்காட்டியில் சிவப்பில் குறித்துவைத்திருக்கிறேன்.

தேடுவதும் நிற்கவில்லை. இரவு விளக்கடியில் ஐந்து நிமிடம், எப்போதும் ஒரே வரிசை: வலது காது, இடது காது, கண்ணிமை, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரல்கள், வாலடி. போன வாரம் இடது பின்னங்காலின் விரலிடுக்கில் ஒன்று இருந்தது. காய்ந்து, காகிதம் போல, செத்துப்போன உண்ணி. தூக்கியதும் வந்துவிட்டது. பாட்டிலில் போட்டு, நோட்டில் தேதி எழுதிவிட்டுத் திரும்பினால், செவலை அடுத்த காலை நீட்டிவைத்துக்கொண்டு படுத்திருந்தான்.